கல்லீரலைப் படிக்கும் கணிப்பொறி – நம்பலாமா?



“கணிப்பொறி வந்தாச்சு, இனி டாக்டருக்கே வேலை இல்லை” என்று ஹாஸ்டலில் ஒரு கோஷ்டி. “மெஷினை நம்பி உடம்பைக் கொடுக்க முடியுமா?” என்று இன்னொரு கோஷ்டி. இரண்டுமே அவசரப்படுகின்றன என்பது என் கருத்து. கல்லீரல் ஸ்கேனை எடுத்துக்கொண்டு பார்ப்போமே!

நம் காதுக்குக் கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். வயிற்று ஸ்கேனில் 2 முதல் 5 மெகா ஹெர்ட்ஸ் ஒலி உள்ளே போய் எதிரொலியாகத் திரும்புகிறது. அதுதான் திரையில் கறுப்பு வெள்ளைப் படம். கொழுப்பு சேர்ந்த கல்லீரல் வெளுப்பாகத் தெரியும். பக்கத்திலுள்ள வலது சிறுநீரகத்தோடு ஒப்பிட்டு டாக்டர் முடிவு சொல்கிறார். கொழுப்பு லேசாக இருந்தால் ஒரு டாக்டருக்கு வெளுப்பாகத் தெரிவது, இன்னொருவருக்குச் ‘சரியாத்தானே இருக்கு’ என்று படலாம்.

கணிப்பொறிக்குக் கண் இல்லை, கணக்கு உண்டு. 8 பிட் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரை ஓர் எண். அடுத்தடுத்த புள்ளிகள் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதை எண்ணிப் படத்தின் ‘இழை’யை அளக்கும் முறையை ஹராலிக் குழுவினர் 1973-லேயே கொடுத்துவிட்டார்கள். இன்று நியூரல் நெட்வொர்க் படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிறது. களைப்பில்லாமல், ஒரே அளவுகோலால் அளக்கும். இது பெரிய லாபம்தான்.

ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று, கெயின் குமிழைக் கூட்டினால் நல்ல கல்லீரலும் வெளுத்துத் தெரியும்! எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். மெஷின் மாறினால் எண்ணும் மாறும்.

இரண்டு, எண்ணிக்கை. 2018-இல் போலந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட கல்லீரல் படத் தொகுப்பில் 550 படங்கள். ஆனால் ஆட்கள் 55 பேர்தான், ஆளுக்குப் பத்துப் படம். ஒருவரின் ஐந்து படத்தில் பாடம் நடத்தி, அவருடைய மிச்ச ஐந்தில் பரீட்சை வைத்தால் மார்க் கொட்டத்தான் செய்யும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அதற்காக ஒரே பானையில் பத்து சோறு எடுத்துவிட்டுப் பத்து பானையும் வெந்தது என்று சொல்லலாமா? அந்த ஆய்வாளர்கள் ஆளையே ஒதுக்கி வைத்துத்தான் சோதித்தார்கள். ஆனாலும் அந்த 55 பேரும் அதிக உடல் பருமனுக்காக அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள். காட்டில் உழைத்து ஒல்லியாக இருக்கும் நம்ம ஊர்க்காரருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா? சோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. “குடிச்சாத்தானே ஈரல் கெடும்?” என்று தெருவே பேசியது. அப்பா குடிப்பவரே அல்ல! சர்க்கரை, உடல் எடை இவற்றாலும் கொழுப்பு சேரும் என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. நான் படித்துச் சொன்ன பிறகுதான் அம்மா அழுகையை நிறுத்தினார். கணிப்பொறி கிரேடு போடும். அந்த அழுகையை அது நிறுத்துமா?

ஆகவே நண்பர்களே, கணிப்பொறி டாக்டருக்குப் பக்கத்தில் உட்காரட்டும், அவர் நாற்காலியில் அல்ல. நாளை அந்த மெஷின்களைப் பொருத்துவதும், சரிபார்ப்பதும், பழுது நீக்குவதும் நம் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான். விற்க வருபவரிடம் மூன்று கேள்வி கேட்போம்: எத்தனை ஆட்களிடம் சோதித்தீர்கள்? எந்த மெஷினில்? எந்த ஊர் மக்களிடம்? நான்காவதாக, ரிப்போர்ட் தமிழில் வருமா என்றும் கேட்போம்!

சிந்திப்போம்! கேட்போம்! செயல்படுவோம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை