பழைய வண்டியும் புதிய கியர்ப் பெட்டியும்

பழம்பொருளைப் பேணுதல் என்பது யாது? அதனைத் தொடாது மூடிவைத்தலா, அன்றி அது தனக்குரிய தொழிலை இடையறாது செய்யுமாறு துணைபுரிதலா? இவ்வினா ஏட்டுச் சுவடிகளுக்கும் சிற்பங்களுக்கும் மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டிலே பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றுவோரிடையிலும் இஃது ஒரு வழக்காக நிலவி வருகின்றது. கையாற் கியர் மாற்றும் பழைய ‘மஸில் கார்’ ஒன்றைத் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியாக்குதல் தகுமோ என்பதே அவ்வழக்கு. தகும் என்பதே எம் துணிபு. ஆயினும் சில வரையறைகளுக்கு உட்பட்டே தகும் என்க.

நடுத்தர அளவுள்ள வண்டியிற் பெரியதோர் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, நேர்பாதையில் விரைந்து பாயுமாறு அமைத்தனவே இவ்வண்டிகள். 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. இவ்வினத்திற்கு வழிகாட்டியாகப் பலராலும் கருதப்படுகின்றது. அதன் எஞ்சின் 389 கன அங்குலக் கொள்ளளவும் 325 குதிரைத் திறனும் உடையது. இத்துணை ஆற்றலைத் தாங்கும் கிளட்சு வலிய வில்லுடையதாயிருத்தல் வேண்டும். ஆகவே அதனை மிதிக்கும் இடக்காலும் வலியதாயிருத்தல் வேண்டும்.

ஈண்டுத்தான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. அவ்வாண்டில் இருபது வயதினராய் இருந்து இவ்வண்டியை வாங்கியவர் இன்று எண்பதைக் கடந்தவராவர். முழங்கால் தேய்ந்தவர்க்கு நகர வீதியின் நெருக்கத்திலே கணந்தோறும் கிளட்சை மிதித்தல் பெருந்துன்பம். அவர் முன் மூன்று வழிகளே உள்ளன: வண்டியை விற்றல், கொட்டகையில் நிறுத்தி வைத்தல், கியர்ப் பெட்டியை மாற்றுதல். ஓடாது நிற்கும் வண்டியிற் பெட்ரோல் கெடும், ரப்பர் அடைப்புகள் உலரும், பிரேக்கு துருவேறும். பேணுவதாக எண்ணி நிறுத்தியதே அதனை அழித்துவிடும்.

மாறுபடுவோர், தானியங்கு கியர் பிற்காலத்துச் சோம்பல் என்றும், அதனைப் புகுத்துதல் வரலாற்றைப் பொய்யாக்குதல் என்றும் கூறுவர். இக்கூற்று வரலாற்றோடு பொருந்தாது. ஜெனரல் மோட்டார்ஸார் தம் ஹைட்ராமாட்டிக் கியர்ப் பெட்டியை 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மோபில் வண்டிகளுக்கென 1939-இலேயே வெளியிட்டனர், அது ஜி.டி.ஓ.வினும் கால் நூற்றாண்டு மூத்தது. அந்த ஜி.டி.ஓ.வையும் விரும்பினோர் தானியங்கு கியரோடு பெற்றனர். 450 குதிரைத் திறனுடைய 1970-ஆம் ஆண்டுச் செவல் வண்டியும் இருவகையாலும் விற்கப்பட்டது. அக்காலத்தார் தாமே விரும்பிக் கொண்டதனை இக்காலத்தார் இழுக்கென்பது எங்ஙனம்?

கையாற் கியர் மாற்றுதல் ஒரு கலை, அதன் இன்பம் ஒழியுமே என்பது அவர்தம் மற்றொரு தடை. இதனை யாமும் மறுப்பதில்லை. எஞ்சினின் ஓசையைச் செவியால் உணர்ந்து, கையும் காலும் ஒருங்கியையக் கியரை மாற்றுவதில் ஓர் இன்பம் உண்டு. ஆயினும் ஓட்டவே இயலாதவர்க்கு அவ்வின்பம் முன்னரே ஒழிந்ததன்றோ! அவர்க்கு எஞ்சியிருப்பது ஓட்டுதல் என்னும் இன்பம் ஒன்றே. அதனையும் பறித்தல் அறமாகாது.

இனி, இம்மாற்றம் எளிதென்று எண்ணுதலும் பிழை. எஞ்சினின் பின்னே சுழலும் கனத்த பிளைவீலைக் கழற்றி, மெல்லிய பிளெக்ஸ்பிளேட்டைப் பொருத்தி, அதனோடு டார்க் கன்வர்ட்டரை இணைத்தல் வேண்டும். எஞ்சினின் நிறைச் சமநிலைக்கு ஒவ்வாத தட்டினைப் பொருத்தின் வண்டி அதிரும். கன்வர்ட்டர் எண்ணெயின் ஓட்டத்தால் ஆற்றலைக் கடத்துவதாகலின் வெப்பம் மிகும். எண்ணெயைக் குளிர்விக்கக் குழாய்கள் வேண்டும். புதிய பெட்டியின் நீளம் வேறுபடின், பின்சக்கர அச்சிற்கு ஆற்றல் கொண்டுசெல்லும் தண்டினையும் மாற்ற நேரும். 1982-இல் வெளிவந்த 700-ஆர்4 என்னும் பெட்டியைப் பொருத்துவோர், திராட்டிலோடு அதனை இணைக்கும் கம்பியை நுட்பமாக அளவிட்டமைத்தல் வேண்டும். அளவு பிழைப்பின் எண்ணெயழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் பிடிதட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். கியரில் இருக்கும்போது எஞ்சின் கிளம்பாதபடி தடுக்கும் சுவிட்சை அமைக்காது விடின், வண்டி திடீரெனப் பாய்ந்து உயிர்க்கே ஊறு விளைக்கும். ஆதலால் இஃது அறிந்தோர் செய்தற்குரிய வினையாகும்.

யாம் கூறும் வரையறைகள் இரண்டே. முதலாவது, வண்டியின் உடலை வெட்டலாகாது. அடித்தளத்தை வெட்டினாலன்றிப் பொருந்தாத பெட்டியை விடுத்துப் பொருந்துவதைத் தேர்தல் வேண்டும். இரண்டாவது, கழற்றிய பெட்டி, கிளட்சு, மிதி முதலிய யாவற்றையும் எண்ணெயிட்டுப் பொதிந்து வண்டியோடு வைத்தல் வேண்டும். வண்டியின் எண்ணோடு ஒத்த எண் பொறித்த முதற்பெட்டி இழக்கப்படின், வண்டியின் சான்றும் விலையும் ஒருங்கே குறையும். மிகச் சிலவே எஞ்சியுள்ள அரிய வண்டியாயின், அதனை விடுத்து வேறொன்றை மாற்றுதலே தக்கது.

இவ்வாறு செய்யின், இன்று முதியவர் ஓட்டுவர். நாளை அவர்தம் பெயரர் விரும்பின் பழைய பெட்டியை மீண்டும் பொருத்துவர். இருவர்க்கும் இழப்பில்லை. மீட்கக்கூடிய மாற்றம் அழிவன்று. பயனின்றிக் கிடத்தலே அழிவு. பழமையைப் போற்றும் அன்பர்கள் எத்துறையினராயினும் இவ்வேறுபாட்டை உளங்கொள்வார்களாக.