கத்தியைக் கொடுப்பதும் வாங்குவதும்



தடுப்பூசி நாளன்று கிளினிக் வாசலில் ஒரு தாய் என்னைக் கேட்டார்: "பிள்ளை இதுவரை பார்க்காத கிருமியைக்கூட உடம்பு அடையாளம் கண்டுகொள்ளுமாமே, அது எப்படிங்க ஐயா?"

வாத்தியார் புத்தி, எழுத்துக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். உயிர் 12, மெய் 18. முப்பதே எழுத்துகள்தாம், சேர்த்து எழுதினால் 216 உயிர்மெய் பிறக்கின்றன அல்லவா? உடம்பும் இதே கணக்கைத்தான் போடுகிறது.

கிருமியைப் பிடித்து அடக்கும் எதிர்ப்பொருளைச் செய்பவை எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் 'பி' அணுக்கள். எதிர்ப்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு என்றால், நம்மிடமுள்ள சுமார் 20,000 மரபணுக்கள் எந்த மூலைக்குக் காணும்? ஆகவே அவை துண்டு துண்டாக இருக்கின்றன. எதிர்ப்பொருளின் பெரிய சங்கிலிக்கு மூன்று ரகத் துண்டுகள். ஒரு ரகத்தில் சுமார் 40, அடுத்ததில் 23, கடைசியில் 6. ரகத்துக்கு ஒன்றாக எடுத்து ஒட்டினாலே ஐயாயிரத்துக்கு மேல். சிறிய சங்கிலியும் சேர்ந்தால் லட்சக்கணக்கில் போகும். ஒட்டுமிடத்தில் எழுத்துகள் கூடிக் குறைவதால் கோடிகள். ஜப்பானியரான சுசுமு தொனெகாவா, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1976இல் இதைக் காட்டினார். 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

வெட்டி ஒட்டக் கத்தி வேண்டுமே! ராக்-1, ராக்-2 என்ற இரு புரதங்கள்தாம் அந்தக் கத்தி. பால்மரம் வெட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்தி சற்று ஆழம் போனால் மரத்துக்கே காயம். இங்கே வெட்டுப்படுவதோ உயிரின் ஏடு. அதனால் உடம்பு நேரம் பார்த்துத்தான் கத்தியைக் கொடுக்கிறது.

முதலில் பெரிய சங்கிலி. மரபணுவை மும்மூன்று எழுத்தாகப் படிக்கவேண்டும். ஒட்டு ஓரெழுத்து தள்ளினாலும் வாசகம் கெட்டுவிடும். மூன்றில் இரண்டு ஒட்டுகள் இப்படி வீணாகும். தகப்பன் வழி ஏட்டில் தவறினால் தாய் வழி ஏட்டில் ஒரு முயற்சி. இரண்டும் தவறினால் அணு மடியும். ஒன்று சரியாக அமைந்தாலோ உடனே கத்தி பறிமுதல், மற்ற ஏடு மூடப்படும். ஓர் அணுவுக்கு ஒரே எதிர்ப்பொருள்தான். பிறகு அணு பல தடவை பெருகும். ஏட்டைப் படியெடுக்கும் அந்த நேரத்தில் கத்தி வெளியில் கிடக்கலாமா? பெருக்கம் நின்றபின்பே சிறிய சங்கிலிக்காக மறுபடி கத்தி வரும். அமைந்தது நம் உடம்பையே தாக்கும் ரகமானால், சிறிய சங்கிலியைத் திருத்தி எழுத இன்னொரு வாய்ப்பும் உண்டு. (என் மாணவர்களுக்கு நான் இவ்வளவு வாய்ப்பு கொடுத்ததில்லை!)

இந்தக் காவல் தவறுவதும் உண்டு. 18ஆம் குரோமோசோமின் மரபணு ஒன்று, வெட்டுப்பட்ட 14ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டால் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது.

அபூர்வமாக, கத்தியே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் முதல் சில மாதங்கள் காப்பதால் வெளியே தெரியாது. பிறகு தீராத இருமல், வயிற்றுப்போக்கு, வாயில் வெள்ளை, எடை ஏறாமை. திருஷ்டி என்று கயிறு கட்டிக் காத்திராதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி இவர்களுக்கு ஆபத்து. குடும்பத்தில் கைக்குழந்தை ஒன்று இப்படி இறந்திருந்தால் ஊசிக்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. பொருத்தமான எலும்பு மஜ்ஜை நேரத்தோடு கிடைத்து, கத்தியே இல்லாமல் பிறந்த பிள்ளைகளும் பிழைத்திருக்கிறார்கள்.