காம்பஸ் மட்டும் போதாது

டிசைன் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு எழுத்துருவை எடுன்னு சொன்னா, நம்மில் பலரோட கை முதல்ல போறது ஃப்யூச்சுரா பக்கம்தான். ஆங்கில ‘ஓ’ மேல ஒரு வட்டம், ‘ஏ’ மேல ஒரு முக்கோணம் வரைஞ்சு, ‘வடிவியலின் அழகு’ன்னு தலைப்பு வெச்சா போஸ்டர் ரெடி! பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அது பாதிக் கதைதான்.

ஜெர்மனியைச் சேர்ந்த பால் ரென்னர் வடிவமைத்த ஃப்யூச்சுரா, 1927-ல் பிராங்க்ஃபர்ட்டின் பாயர் எழுத்து வார்ப்பகம் மூலமா வெளிவந்தது. ஆரம்ப வரைவுகள்ல அவர் வடிவியலை ரொம்பக் கறாராவே பிடிச்சிருந்தார். சின்ன ‘ஆர்’ என்பது ஒரு கோடு, பக்கத்துல ஒரு புள்ளி, அவ்வளவுதான். பார்க்கப் புதுமை, படிக்கச் சிரமம். அப்படிப்பட்ட வடிவங்கள் பிறகு வழக்கமான வடிவங்களுக்கு வழிவிட்டன.

எங்க ப்ராஜெக்ட்டுக்காக சின்ன ‘என்’ எழுத்தை ஏ3 தாள் முழுக்கப் பெருசாக்கி ஒட்டினோம். வளைவு வந்து தண்டோட சேர்ற இடத்துல கோடு மெலியுது. மெலியலைன்னா அந்த மூலை கரும்புள்ளியா திரண்டு தெரியும். பெரிய எழுத்துகள்ல படுக்கைக் கோடு நிமிர்ந்த கோட்டை விடக் கொஞ்சம் ஒல்லி. ரெண்டும் ஒரே தடிமன்ல இருந்தா படுக்கைக் கோடுதான் நம்ம கண்ணுக்குத் தடியா தெரியும். ‘ஓ’ கூட அடிக்கோட்டுக்குக் கீழே லேசா இறங்குது, இல்லேன்னா பக்கத்து எழுத்தை விடச் சின்னதா தோணும். ஸ்கேல் சொன்னது ஒண்ணு, கண் சொன்னது இன்னொண்ணு. ரென்னர் கண் பக்கம் நின்னார்.

அந்த மனுஷனுக்கு முதுகெலும்பும் இருந்தது. நாஜிகளோட கலாசாரக் கொள்கையை எதிர்த்து 1932-ல் ஒரு சிறுநூல் எழுதினார். 1933-ல் கைதானார், ம்யூனிக்ல பார்த்த ஆசிரியர் வேலையும் போச்சு. ஆனா அவர் எழுத்து நிக்கல. 1969-ல் அப்பல்லோ 11 நிலாவில் விட்டுட்டு வந்த பலகையில இருப்பது ஃப்யூச்சுராதான்.

இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இதுல ஒரு விஷயம் இருக்கு. சூத்திரம் தொடக்கம்தான், முடிவு இல்ல. கணக்கு சரியா வந்தும், பயன்படுத்துறவருக்கு ஒத்துவரலைன்னா வேலை இன்னும் முடியலைன்னு அர்த்தம்.

அதனால அடுத்த போஸ்டர்ல வட்டத்தை வரைங்க, தப்பில்ல. எழுத்து எங்கெல்லாம் அந்த வட்டத்தை மீறுதுன்னும் சிவப்பு மையில குறிச்சுக் காட்டுங்க. டிசைன் நடந்திருக்கிறது அங்கதான்.