வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கைச்செலவுப் பணம்... எவ்வளவு அனுப்பலாம், எப்படி அனுப்பலாம்?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் இருக்கும் தவளக்குப்பத்தில், 'பிரான்ஸ்' என்பது வீட்டுப் பேச்சில் சாதாரணமாகப் புழங்கும் சொல். தெருவுக்கு ஒரு குடும்பத்துக்காவது அங்கே அத்தையோ, சித்தப்பாவோ, தூரத்துச் சொந்தமோ இருப்பார்கள். அதனாலேயே, பிள்ளையை மேற்படிப்புக்கு அங்கே அனுப்பும் பெற்றோர் கல்லூரிக் கட்டணத்தையும் விமான டிக்கெட்டையும் கணக்குப் போடுகிறார்களே தவிர, மாதச் செலவை 'அங்கே போனா பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கட்டணம் வருடத்துக்கு ஒரு முறை. சாப்பாடு தினம் மூன்று வேளை.

பக்கத்து வீட்டுக் கணக்கு நம் வீட்டுக்குப் பொருந்தாது

முதலில் ஒரு தெளிவு. புதுச்சேரி 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் உண்டு. அந்த 'சொல்தா' வீட்டுப் பிள்ளை பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் போய் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்தால், ஆண்டுக் கட்டணம் 200 யூரோவுக்கும் குறைவு. இந்திய பாஸ்போர்ட்டில் போகும் பிள்ளைக்கு அதே வகுப்புக்கு விதிக்கப்பட்ட கட்டணம் 3,000 யூரோவை நெருங்குகிறது. முதுநிலைக்கு 4,000 யூரோ அளவில். சில பல்கலைக்கழகங்கள் விலக்கு தருகின்றன, எல்லாம் தருவதில்லை. எனவே, 'அவங்க பையன் மாசம் இவ்வளவுலதான் ஓட்டுறான்' என்ற ஒப்பீடு வேண்டாம். இந்திய மாணவர்களுக்கான விவரங்களை, புதுச்சேரி அலியான்ஸ் பிரான்செஸில் இயங்கும் 'கேம்பஸ் பிரான்ஸ்' அலுவலகத்தில் நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

615 யூரோ என்பது விசாவுக்கான கணக்கு

பிரான்ஸ் மாணவர் விசாவுக்கு, மாதம் குறைந்தது 615 யூரோ கையில் இருப்பதாகக் காட்டச் சொல்வது நீண்ட நாள் நடைமுறை. பல வீடுகளில் இதையே மாதச் செலவாக எடுத்துக்கொள்கிறார்கள். இது விசா அதிகாரி கேட்கும் குறைந்தபட்சம் மட்டுமே. பாரிஸில் தனியார் அறைக்கு வாடகையே இதை விழுங்கிவிடும்.

பாரிஸுக்கு வெளியே ஒரு நடுத்தர நகரத்தில் படிக்கும் மாணவிக்கு ஒரு மாதிரி பட்ஜெட் இப்படி இருக்கலாம்: மாணவர் விடுதி அல்லது பகிர்ந்துகொள்ளும் அறைக்கு 350 யூரோ, சாப்பாட்டுக்கு 180, பஸ், டிராமுக்கு 30, போனுக்கு 15, வீட்டுக் காப்பீடு, புத்தகம் போன்றவற்றுக்கு 35, துணிமணி, சினிமா, நண்பர்களுடன் வெளியே போக 60, அவசரத்துக்கு 80. மொத்தம் 750 யூரோ. ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று சுலபக் கணக்கு வைத்தால், மாதம் 75,000 ரூபாய்.

யூரோ மதிப்பு 5 ரூபாய் ஏறினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். மாதம் 3,750 ரூபாய், வருடத்துக்கு 45,000 ரூபாய் கூடுதல். பிள்ளை ஒரு காபிகூட அதிகமாகக் குடித்திருக்காது. ஆனாலும் வீட்டில் பணம் இடிக்கும். ஆகவே வருட பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை இந்த ஏற்ற இறக்கத்துக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

முதல் இரண்டு மாதங்கள்தான் கண்டம்

மாதா மாதம் 750 என்று திட்டமிட்டவர்களும் தடுமாறுவது ஆரம்பத்தில்தான். சாமான்களோடு கூடிய அறைக்கு இரண்டு மாத வாடகை வரை முன்பணம் கேட்கலாம். கூடவே முதல் மாத வாடகை, வீட்டுக் காப்பீடு, ஒவ்வொரு மாணவரும் கட்ட வேண்டிய 'செவெக்' கட்டணம் சுமார் 100 யூரோ, விசாவைப் பதிவுசெய்யும் கட்டணம், குளிருக்கு ஒரு கோட், சமைக்கப் பாத்திரம் என்று வரிசை கட்டும். அங்கே வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று வேண்டும். முகவரி கிடைக்க வாடகை கட்ட வேண்டும். கணக்கு தொடங்கும் வரைக்கும் இந்தியாவில் வாங்கிய ஃபாரெக்ஸ் கார்டுதான் துணை. மூன்று மாதச் செலவுக்கான பணத்தை முதலிலேயே தயாராக வைத்துக்கொள்வது நல்லது. ரொக்கமாகக் கொஞ்சம் யூரோ போதும்.

வீட்டுக்கு ஜாமீன் நிற்க ஆள் கேட்பார்கள். அதற்காகத் தெரிந்தவர்களிடம் கையேந்த வேண்டியதில்லை. 'விசால்' என்ற இலவச உத்தரவாதத் திட்டம் மாணவர்களுக்கு உண்டு. அதேசமயம், 'காஃப்' அலுவலகம் தரும் வாடகை உதவியை வரவுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும், உதவித்தொகை பெறாத மாணவர்களுக்கு அதை நிறுத்தும் யோசனை 2026-ம் ஆண்டுக்கான பிரெஞ்சு பட்ஜெட்டிலேயே இடம்பெற்றது. கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனி கற்றுத்தரும் பாடம்

ஜெர்மனிக்குப் போகும் மாணவர்கள், 'முடக்கப்பட்ட கணக்கு' ஒன்றில் ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. மொத்தமும் மாணவருடையதுதான், ஆனால் மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. முதல் மாதத்திலேயே புது லேப்டாப் வாங்கிவிட்டு நான்காம் மாதம் முழிப்பது இதனால் நடப்பதில்லை.

பிரான்ஸில் இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் வீட்டிலேயே இதைச் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் வங்கிக் கட்டணமும் ஜிஎஸ்டியும் உண்டு என்பதால், மாதா மாதம் அனுப்புவதைவிட மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்புவது சிக்கனம். பிள்ளை அங்கே இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளட்டும். 'லிவ்ரே ஆ' என்ற சேமிப்புக் கணக்கை பிரெஞ்சு வங்கிகளில் தொடங்கலாம். எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். அனுப்பிய மொத்தமும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி ஒரு மாதப் பணம் மட்டும் கார்டு இணைந்த கணக்குக்கு மாறட்டும். அந்தக் கார்டில் காசு தீர்ந்தால், மாதம் தீர்ந்தது என்று அர்த்தம்.

வங்கியில் கவனிக்க வேண்டிய ஒரு வரி

இங்கேதான் பல பெற்றோர் தெரியாமல் பணத்தை மாட்டவைக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இதில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 'டிசிஎஸ்' என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். 7 லட்சமாக இருந்த இந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ஆனது. கல்விக்கு என்றால் 5 சதவிகிதமாக இருந்த வீதத்தை 2026 பட்ஜெட் 2 சதவிகிதமாகக் குறைத்தது. ஆனால் 'குடும்பப் பராமரிப்பு' என்று படிவத்தில் குறித்தால் 20 சதவிகிதம்!

ஒரு வருடத்தில் 15 லட்சம் அனுப்புகிறீர்கள் என்றால், வரம்பைத் தாண்டிய 5 லட்சத்துக்குக் கல்வி என்ற காரணத்தில் 10,000 ரூபாய் பிடிப்பார்கள். பராமரிப்பு என்று குறித்துவிட்டால் 1 லட்சம். மாணவரின் அன்றாடச் செலவும் கல்விக்கான செலவுதான் என்று வருமான வரித்துறையே விளக்கம் தந்திருக்கிறது. ஆகவே 'ஏ2' படிவத்தில் எஸ் 0305 என்ற கல்விக் குறியீட்டை எழுதச் சொல்லுங்கள். அட்மிஷன் கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள். கல்விக்கடனிலிருந்து நேரடியாகப் போகும் பணத்துக்கு இந்தப் பிடித்தம் இல்லை. பிடித்த தொகையும் தொலைந்துவிடுவதில்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. கடன் வாங்கி அனுப்பும் வீட்டில் அதற்கும் சேர்த்து வட்டி கட்ட வேண்டும். அப்பா, அம்மா இருவருக்கும் பான் கார்டும் சொந்த வருமானமும் இருந்தால், அவரவர் கணக்கிலிருந்து அனுப்பலாம். 10 லட்சம் வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி.

இன்னொன்று, 'இவ்வளவு ரூபாய் கொடுத்தால் அங்கே எத்தனை யூரோ கையில் விழும்?' என்று மட்டும் இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். 'கட்டணமே இல்லை' என்று சொல்லும் இடத்தில் மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

மிச்சம் பிடிக்கும் இடமும் கூடாத இடமும்

பல்கலைக்கழகங்களையொட்டி அரசின் 'க்ரூஸ்' உணவகங்கள் இருக்கின்றன. ஒரு முழுச் சாப்பாடு 3.30 யூரோவைத் தாண்டாது. மதியம் அங்கே, இரவு சமையல் என்பதுதான் பெரும்பாலான மாணவர்களின் வழக்கம். கிளம்பும் முன்பே சாதம், குழம்பு, பருப்பு வைக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, மாதம் ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாயைச் சாதாரணமாக மிச்சப்படுத்தும். மாணவர் பஸ் பாஸ், பழைய சைக்கிள், பழைய புத்தகம் எல்லாம் கைகொடுக்கும். இந்திய கார்டைத் தேய்க்கும்போது 'ரூபாயில் கட்டவா, யூரோவில் கட்டவா?' என்று மெஷின் கேட்டால், யூரோதான் சரி. ரூபாய் என்றால் மோசமான விகிதத்தில் மாற்றிக் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

வேலை பார்க்கலாமா? பிரான்ஸில் மாணவர்கள் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்ய அனுமதி உண்டு. சராசரியாக வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம். ஆனால் மொழி தெரியாமல் முதல் ஆறு மாதத்தில் வேலை கிடைப்பது கடினம். அந்தச் சம்பளத்தை நம்பி வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டாம்.

காசு கையில் குறையும் நேரத்தில்தான் வலை விரிப்பவர்களும் வருவார்கள். 'உன் கணக்குக்குக் கொஞ்சம் பணம் வரும், அதை வேறொருவருக்கு அனுப்பு, கமிஷன் எடுத்துக்கோ' என்பது மோசடிப் பணத்தைக் கைமாற்றும் வேலை. போலீஸ் வழக்கும் விசா சிக்கலும் மாணவர் தலையில்தான் விழும். அறையைப் பார்க்காமலேயே முன்பணம் கேட்பதும் அப்படித்தான்.

ராமானுஜன் அனுப்பிய 50 பவுண்டு

வெளிநாட்டுப் படிப்பும் வீட்டு நினைப்பும் இன்று நேற்றுப் பிறந்த பிரச்னை அல்ல. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த கணித மேதை ராமானுஜன், 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. அதில் 50 பவுண்டை வீட்டுக்குத் தரும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிளம்பினார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி மேலும் 60 பவுண்டு கொடுத்தது. அறையிலேயே அடுப்பு வைத்துத் தானே சமைத்துக்கொண்டார். 1919 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில், பெற்றோருக்கான 50 பவுண்டும் தன் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடும்படி கேட்டுக்கொண்டார்.

பணத்தில் அவர் தெளிவாக இருந்தார். ஆனால் முதல் உலகப் போர்க் காலத்தில் பழகிய சைவ உணவுப் பொருள்கள் சரியாகக் கிடைக்கவில்லை; நேரத்துக்குச் சாப்பிடுவதும் இல்லை. 1917-ல் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். நோய் என்னவென்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சரியான உணவில்லாதது உடம்பை மேலும் கெடுத்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். பிள்ளைகள் இன்றும் முதலில் கை வைப்பது சாப்பாட்டுச் செலவில்தான். வயிற்றில் மிச்சம் பிடித்து வாடகை கட்டும் நிலை வந்தால், பட்ஜெட் தப்பு என்று அர்த்தம். பிள்ளை சிக்கனமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

இரண்டு பக்கமும் மறைக்காதீர்கள்

'சாப்பிட்டியாம்மா?' என்று கேட்டால், 'சாப்பிட்டேன்மா' என்றுதான் பதில் வரும். 'காசு இருக்கா?' என்றால், 'இருக்குப்பா'. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது மகளுக்குத் தெரியாது. மகள் இரவில் பிரெட்டோடு நிறுத்திக்கொள்வது அம்மாவுக்குத் தெரியாது. இந்த அன்புதான் பல நேரங்களில் ஆபத்து.

அதற்கு ஒரே வழி, கிளம்பும் முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுவது. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு வரை தாங்கும் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைக்கு அது பாரமல்ல, பொறுப்பு. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் 'கணக்கு கால்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, சாப்பாடு, மற்றவை என மூன்றே வரி போதும். ஒவ்வொரு காபிக்கும் பில் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த மாதத்திலிருந்து பொய்க் கணக்கு வரும். எதிர்பாராத செலவு வந்தால் திட்டாமல் கேட்பேன் என்ற உறுதியையும் கொடுங்கள். அவசரப் பணத்தில் ஒரு திரும்பும் டிக்கெட்டுக்கான தொகை எப்போதும் இருக்கட்டும். அதைத் தொடும் நாள் வந்தால் முதலில் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் விமானம் ஏறும் முன்பே சொல்லி அனுப்புங்கள்.