உயிரியல் பட்டத்துக்கு உண்மையான செய்முறை வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

தமிழகத்தின் அரசு, அரசு உதவிபெறும், சுயநிதிக் கல்லூரிகளில் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களும் அத்துறைகளின் ஆய்வு மாணவர்களும் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை உயிரியலில் செய்முறைக் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்பது குறித்து உறுப்பினர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவை இங்கே முன்வைக்கிறோம்.

நிலைப்பாடு

உயிரியலில் பட்டம் பெறும் ஒவ்வொருவரும், தாமே எழுப்பிய ஒரு கேள்விக்குத் தாமே அளந்தும் எண்ணியும் விடை தேடியிருக்க வேண்டும். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணில் பாதியாவது அந்த வேலைக்குத் தரப்பட வேண்டும்.

இன்று நடப்பது என்ன?

செய்முறைத் தேர்வு நாளில் மாணவர் அடையாளம் காண வேண்டிய மாதிரிகளை, அதாவது ஸ்பாட்டர்களை, மேசை மேல் வரிசையாக வைக்கிறோம். ஃபார்மலினில் ஊறி நிறம் வெளுத்த நட்சத்திர மீன், லேபிள் பாதி கிழிந்த நாடாப்புழு, ஓரம் உடைந்த நிரந்தர ஸ்லைடு. மணி அடித்ததும் மாணவர் அடுத்ததற்கு நகர வேண்டும். மூடி உடைந்த ஜாடியில் இருப்பது எது, சிவப்பு மூடி ஜாடியில் இருப்பது எது என்று முந்தைய ஆண்டு மாணவர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். உயிரியைப் பார்க்காமலே முழு மதிப்பெண் வாங்கலாம். ரெக்கார்டு நோட்டின் கதையும் இதுதான். புத்தகத்துப் படம் சீனியரின் நோட்டுக்குப் போய், அங்கிருந்து ஜூனியரின் நோட்டுக்கு வருகிறது.

விலங்குகளை அறுத்துப் பார்க்கும் செய்முறையைப் படிப்படியாகக் கைவிட 2011-இல் வழிகாட்டிய பல்கலைக்கழக மானியக் குழு, 2014-இல் அதை முற்றிலும் நிறுத்தச் சொன்னது. அந்த முடிவை நாங்கள் வரவேற்கிறோம். தவளையும் கரப்பானும் மேசைக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் அதனால் காலியான மணி நேரங்களைப் பல துறைகள் விளக்கப் படங்களையும் கணினித் திரையையும் வைத்தே நிரப்பின. திரையில் பார்ப்பது செய்முறைக்கு நல்ல முன்தயாரிப்புதான். செய்முறையின் இடத்தை அது பிடித்துக்கொள்ளக் கூடாது.

செலவு ஒரு தடையா?

பணமில்லை என்பதே நாங்கள் அதிகம் கேட்கும் பதில். வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் நிரப்பிய டம்ளரின் வாயில் அதை உட்கார வைத்தால் சில நாளில் வேர் விடும். காலையில் வேர் நுனியை வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்டு, பிறகு 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்றினால் அடுத்த வார வகுப்புக்கும் ஆகும். சாயமேற்றி நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைவதோடு இன்று வேலை முடிந்துவிடுகிறது. செல்களை எண்ணி, நூற்றுக்கு எத்தனை பிரியும் நிலையில் இருக்கின்றன என்று கணக்கிடட்டும். காலை எட்டு மணிக்கு வெட்டிய நுனியையும் மாலை நான்கு மணிக்கு வெட்டியதையும் ஒப்பிடட்டும். அதே வெங்காயம், அதே சாயம். ஆனால் இது ஆய்வு.

பழ ஈயும் அப்படித்தான். ரவை, வெல்லம், அகர், ஈஸ்ட் இருந்தால் அதற்கு உணவு தயார். சுமார் 25 டிகிரி செல்சியஸில் பத்து நாளில் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். சிறகு வளராத வகை போன்ற திரிபுகளை மைசூர் பல்கலைக்கழகத்தின் பழ ஈ சேமிப்பு மையம் பராமரிக்கிறது. மெண்டலின் 3:1 விகிதத்தை மனப்பாடம் செய்த மாணவர், தாம் வளர்த்த ஈக்களை எண்ணும்போது 2.7:1 வந்தால், அது ஏன் என்று கேட்பார். புள்ளியியல் எதற்கு என்பது அன்றுதான் அவருக்குப் புரியும்.

கல்லூரிகளால் இதைவிடப் பெரிய வேலையும் முடியும் என்பதற்குத் திருச்சியே சான்று. தூய வளனார் கல்லூரியில் 1967-இல் அருட்தந்தை கே. எம். மேத்யூ நிறுவிய ராபினாட் ஹெர்பேரியத்தின் களப்பணியிலிருந்துதான் தமிழகத் தாவரங்களைப் பற்றிய பெருநூல் வந்தது.

ஏன் இப்போது?

மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்தச் சொல்கின்றன. நான்காண்டு இளநிலையில் 75 விழுக்காடு பெற்றவர் முனைவர் ஆய்வில் நேரடியாகச் சேரவும் வழி செய்கின்றன. நான்காண்டுப் படிப்பு தேவையா என்ற விவாதத்துக்குள் இந்த அறிக்கை போகவில்லை. ஆனால் முன்பு எம்.ஃபில்.-இல் ஆய்வு பழகிய மாணவருக்கு இனி அந்தப் படிக்கட்டு இல்லை. எனவே அந்தப் பயிற்சி இளநிலையிலேயே தொடங்கியாக வேண்டும்.

சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தாளும் இதையே கேட்கிறது. மொத்தம் 200 மதிப்பெண்ணில் 100 'சி' பகுதிக்கு. சோதனையின் முடிவைக் கொடுத்து அதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கும் வினாக்கள் அதில் வருகின்றன. இளநிலை ஆய்வாளர் தகுதியோடு தேறினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத மாணவருக்கு இந்தப் பழக்கத்தைத் தரவேண்டியது அவருடைய கல்லூரி ஆய்வகமே.

முதுநிலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. துறையில் வசதி இல்லையென்று மாணவரே தனியார் ஆய்வகத்துக்குப் பணம் கட்டி 'புராஜெக்ட்' செய்து வருகிறார். சில இடங்களில் ஆய்வேடு தயாராகவே கைக்கு வருகிறது. இந்த முறையை நாங்கள் முற்றிலும் எதிர்க்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. இளநிலை இறுதியாண்டில் ஒரு பருவம் முழுக்க, தனியாகவோ இருவராகவோ ஒரு சிறு ஆய்வு கட்டாயமாக வேண்டும். வளாகத்துக் களைச்செடி, ஊர்க் குளம், விடுதிச் சமையலறைக் கழிவு என எதுவும் பொருளாகலாம்.

2. புறத்தேர்வாளர் மாணவரின் சொந்தத் தரவுக் குறிப்பேட்டை முன்னால் வைத்து வாய்மொழித் தேர்வு நடத்த வேண்டும். அச்சுப்போல ரெக்கார்டு எழுத வைப்பதை நிறுத்த வேண்டும்.

3. முதுநிலை ஆய்வேட்டை வெளியே செய்வதென்றால் துறையே எழுத்துமூலம் ஏற்பாடு செய்ய வேண்டும். மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

4. களப்பயணம் உதகைச் சுற்றுலாவோடு முடியக் கூடாது. அருகிலுள்ள ஒரே இடத்துக்குப் பருவந்தோறும் போய் ஒரே அளவீட்டைத் தொடர வேண்டும்.

5. காலியான நிரந்தர ஆசிரியர், ஆய்வக உதவியாளர் பணியிடங்களை அரசு நிரப்ப வேண்டும். பணி நிரந்தரமற்ற கௌரவ விரிவுரையாளர் தோளில் இத்தனை சுமையையும் ஏற்றுவது நியாயமன்று.

ஆசிரியருக்கு இதனால் வேலை கூடும் என்பது உண்மை. ஆகவே ஆய்வு வழிகாட்டும் நேரத்தைப் பணிப்பளுக் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் பங்காக, உறுப்பினர்கள் தத்தம் கல்லூரிகளில் செய்து பார்த்த எளிய செய்முறைகளை, பொருள், செலவு, நேரக் கணக்கோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி எல்லாக் கல்லூரிகளுக்கும் இலவசமாகத் தருவோம்.

ஐந்தாவது கோரிக்கைக்கு அரசின் நிதி ஒதுக்கீடு தேவை. முதல் நான்கும் அந்தந்தப் பல்கலைக்கழக, தன்னாட்சிக் கல்லூரிப் பாடத்திட்டக் குழுக்கள் எடுக்கக்கூடிய முடிவுகள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவற்றைச் சேர்க்குமாறு அக்குழுக்களின் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.