தாள் ஒருவரது, சொல் இன்னொருவரது

தமிழினத்தின் அண்மைக்கால வரலாறு ஓலையிலும் கல்லிலும் மட்டும் இல்லை. அரசு ஆவணக் கட்டுகளுக்குள்ளும் அடைபட்டுக் கிடக்கின்றது. நிலவரிக் கணக்குகள், வற்கடக் குறிப்புகள், 1938-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போரைப் பற்றிய அரசாணைகள் ஆகியன சென்னை எழும்பூர்க் காப்பகத்திலே உறங்குகின்றன. விடுப்பெடுத்துக்கொண்டு சிற்றூரிலிருந்து வரும் ஓர் ஆசிரியர், நாள் முழுதும் கைநோக எழுதினாலும் பதினைந்து பக்கத்தைத் தாண்டார். அவர் கையிலுள்ள கைப்பேசியால் படமெடுக்க விட்டால், ஒரு முற்பகலிலேயே முழுக்கட்டினையும் படியெடுத்துச் செல்வார். ‘படமெடுக்காதே’ என்று பலகை தொங்கவிடும் காப்பகம் எதுவாயினும், அது பொருளும் ஓய்வும் உடையவர்க்கே வரலாற்றை ஒதுக்கி வைக்கின்றது என்போம்.

படி இல்லாத ஆவணத்திற்கு நேர்வது என்ன? 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பெற்றபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அச்சு நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்கலாம். வேறெங்கும் படியில்லாத சுவடியை எங்கே தேடுவது?

இவ்வளவு சொன்ன நாம் மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும்; நம்மவர் சிலர்க்கு அது கசக்கும். மடல் எழுதப்பெற்ற தாள், பெற்றவர்க்கோ காப்பகத்திற்கோ உரியது. அதிலுள்ள சொற்களோ எழுதியவர்க்கும் அவர் வழியினர்க்கும் உரியவை. படமெடுக்க இசைவு கிடைத்ததனாலேயே அச்சிடும் உரிமையும் கிடைத்துவிடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், தம் ஆய்வுக்காக நேர்மையாகப் பயன்கொள்வாரைத் தடுக்கவில்லை. பொதுமக்கள் புகத்தக்க நூலகத்திலோ காப்பகத்திலோ உள்ள அச்சேறா எழுத்தைப் பதிப்பிக்கும் நோக்கில் படியெடுக்கவும் அதன் 52-ஆம் பிரிவு வழிவிடுகின்றது. ஆனால், எழுதியவர் இன்னாரென்று தெரிந்திருந்தால் அவர் மறைந்து 60 ஆண்டு கடந்திருத்தல் வேண்டும். மறைமலையடிகளார் 1950-இல் மறைந்தார். அவர் மடல்களுக்கு அக்கெடு கடந்துவிட்டது. அண்மையில் மறைந்த புலவர் ஒருவரின் மடலுக்குக் கடக்கவில்லை. ‘தமிழ் எல்லார்க்கும் பொது’ என்று முழங்கிக்கொண்டே, அப்புலவரின் மனைவி மக்களைக் கேளாமல் அம்மடலை நூலாக்கி விற்பது களவேயன்றித் தொண்டாகாது. பாரதியார் பாடல்கள் பொதுவுடைமையானதும் பறிப்பினால் அன்று. உரிமை வைத்திருந்த மெய்யப்பனாரிடமிருந்து அரசு முறைப்படி பெற்று, 1949-இல் நாட்டுடைமையாக்கியது.

அதுபோலவே, தொல்காப்பிய ஓலையை வைத்திருக்கும் நிறுவனம் தொல்காப்பியத்திற்கே உரிமையாளர் போல் நடந்துகொள்வதும் நகைப்பிற்குரியது. ஓலை நொறுங்காமற் காக்கக் கட்டுப்பாடு விதிக்கட்டும். நூலுக்கு உரிமை கோர அதற்கு வழியில்லை.

ஆய்வுக்குச் செல்லும் அன்பர்கள் கருவியின் வெட்டொளியை அணைத்துவிட்டுப் படமெடுக்க வேண்டும். கட்டினை அழுத்தி விரித்தல் கூடாது, தையல் விட்டுப்போகும். கட்டின் எண், துறை, நாள் ஆகியவற்றைக் காட்டும் முகப்பினை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அஃதில்லாத படம், முகவரி கிழிந்த மடல் போன்றது; வீடு திரும்பியபின் எந்தக் கட்டிலிருந்து வந்ததென்று எவராலும் சொல்லவியலாது.

அரசிடம் நாம் கேட்பது ஒன்றே. எவ்வெவற்றைப் படமெடுக்கலாம், எவற்றிற்கு இசைவு வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பவற்றை நல்ல தமிழில் எழுதி, ஒவ்வொரு காப்பகத்தின் வாயிலிலும் வைக்கட்டும்; அலுவலரின் அன்றைய மனநிலையைப் பார்த்து ஆய்வாளர் காத்துக்கிடக்கும் நிலை ஒழியட்டும்.