எல்லாப் பாட்டுக்கும் ஒரே தாளமா?

மறைந்த மூத்த எழுத்தாளர் ஒருவருக்காக நாங்கள் நடத்திய நினைவுக்கூட்டத்தில் பன்னிரண்டு நிமிடக் காணொளி ஒன்றைத் திரையிட்டோம். அதற்கு மூன்று இசைத்துண்டுகளைத் தேர்ந்து கொடுத்திருந்தோம். ஒன்று, எழுத்தாளரின் அக்கா எங்களுக்காகப் பாடிப் பதிவுசெய்துகொள்ள அனுமதித்த தாலாட்டு. இரண்டாவது, அவர்கள் ஊர்க் கோயில் புறப்பாட்டில் வாசிக்கப்பட்ட மல்லாரி. மூன்றாவது, எழுதும்போது அவர் விரும்பிக் கேட்ட கிதார் இசை. தொகுத்துக் கொடுத்தவர் கல்யாண வீடியோக்களில் கைதேர்ந்தவர். கிதாரின் வேகம் நிமிடத்துக்கு 96 அடி என்பதால் மற்ற இரண்டையும் அதே 96க்குக் கொண்டுவந்து, ஒவ்வோர் அடிக்கும் ஒரு புகைப்படம் மாறும்படி அமைத்திருந்தார். அரங்கில் கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் இருந்த அக்கா மட்டும் எங்களிடம் கேட்டார்: "நான் இம்புட்டு அவசரமாவா பாடினேன், தம்பி?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. தொகுத்தவர் மீது பழிபோட எங்களுக்கு உரிமையும் இல்லை. கூட்டத்துக்கு முந்தைய நாள் பார்த்து, "பிரமாதம்" என்று சொன்னவர்கள் நாங்கள்தான். ஆனால் இது எங்கள் ஒருவருடைய தவறு மட்டுமல்ல. ஆவணப்படம், அஞ்சலிப்படம், நூல் வெளியீட்டுக் காணொளி என்று இலக்கிய அமைப்புகள் இன்று தயாரிக்கும் பலவற்றிலும் இதுவே நடக்கிறது. வெவ்வேறு காலப்பிரமாணம் கொண்ட இசைகளைப் படத்தோடு சேர்க்க வேண்டுமா? எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்கு இழு, அடிக்கு அடி படத்தை வெட்டு. இதைத் தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்கிறார்கள். இது கட்டாயம் அல்ல, சோம்பல் என்பதே எங்கள் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 96 அடி என்றால் ஓர் அடிக்கு ஒரு வினாடியில் எட்டில் ஐந்து பங்குதான். எழுபது ஆண்டுகள் வாழ்ந்த மனிதரின் முகத்துக்கு நாங்கள் ஒதுக்கிய நேரம் அவ்வளவே. அவருடைய பள்ளிப் பருவப் படத்தில் பின்வரிசையில் நிற்பது யார் என்று கண் தேடத் தொடங்குமுன் அடுத்த படம் வந்துவிடுகிறது. தாலாட்டுக்கு மென்பொருள் தானாகவே 72 என்று ஓர் எண்ணைக் கண்டுபிடித்திருந்தது. தாலாட்டுக்குத் தாளக்கட்டு எங்கே இருக்கிறது? பிள்ளை சிணுங்கினால் இழுபடும், கண்ணயர்ந்தால் தேயும். மூச்சே அதன் அளவு. அந்த மூச்சை 72 என்று எண்ணி, 96க்கு ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுகிறது. அக்காவுக்கு மூச்சு முட்டியதில் வியப்பில்லை.

"சுருதி மாறவில்லையே" என்பார்கள். உண்மைதான். பழைய ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சிடும். இன்றைய மென்பொருள் சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் மாற்றிவிடுகிறது. ஆனால் நம் இசை சுருதியில் மட்டுமா இருக்கிறது? ஒரு சுரம் அசையும் வேகமும் அந்தச் சுரத்தின் உயிர்தானே? தோடியின் காந்தாரத்தை இழுத்துப் பாருங்கள், சுருக்கிப் பாருங்கள். சுரஸ்தானம் அங்கேயே இருக்கும், கமகம் வேறொன்றாகிவிடும். மல்லாரிக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. மல்லாரியை முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏறி வாசிப்பதுண்டு, திஸ்ரத்திலும் வாசிப்பதுண்டு. சுவாமி புறப்படுகிறார் என்ற செய்தி அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. அதற்கு ஒரே வேகம் கொடுப்பது, புறப்பாட்டை நிறுத்திவிட்டு வாத்தியத்தை மட்டும் வைத்துக்கொள்வது.

"பார்வையாளருக்கு ஒருமை வேண்டாமா? வேகம் மாறினால் துண்டு துண்டாகத் தெரியாதா?" என்பது அடுத்த கேள்வி. இதற்குத் திரைப்பட வரலாறே பதில் சொல்கிறது. 1968இல் வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்காக அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை ஸ்டான்லி கூப்ரிக் ஒதுக்கிவிட்டார். முன்பே இருந்த இசைகளையே படத்தில் வைத்தார். யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் மூன்றடி நடனம். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் தொடக்க முழக்கம் நின்று நின்று எழுவது. லிகெட்டியின் இசையிலோ எண்ணுவதற்கு அடியே தட்டுப்படாது. இம்மூன்றையும் அவர் ஒரே அளவுகோலுக்குள் அடைக்கவில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே மௌனத்தை வைத்தார். விண்வெளி வீரரின் மூச்சொலியை மட்டும் நெடுநேரம் கேட்கவைத்தார். படம் துண்டு துண்டாகவா போயிற்று?

அதற்கும் முன்னால், 1930இல் எடுக்கப்பட்ட 'ஒரு கவியின் குருதி' என்ற படத்துக்கு ஜார்ஜ் ஓரிக் காட்சிக்குக் காட்சி இசை எழுதிக் கொடுத்தார். இயக்கிய ழான் காக்தோ அவற்றை வேண்டுமென்றே இடம் மாற்றிப் போட்டார். ஒரு காட்சிக்கு எழுதிய இசை வேறொன்றுக்குப் போயிற்று. தற்செயலாக இசையும் படமும் சந்திக்கும் கணங்களே உயிருள்ளவை என்று அவர் நம்பினார். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அடிக்கு அடி பொருந்துவதுதான் பொருத்தம் என்ற எண்ணம் ஒரு கவிஞனுக்கு அப்போதே சலித்துவிட்டது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

எதிர்த்தரப்பில் ஐசன்ஸ்டைனை நிறுத்துவார்கள். 1938இல் வந்த 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி'யில் புரோகோஃபியேவின் இசையும் படமும் இழையோடு இழையாகச் சேர்ந்திருப்பது மெய். ஆனால் அவர்கள் எப்படிச் செய்தார்கள்? சில இடங்களில் வெட்டி முடித்த படத்தைப் பார்த்து இசை எழுதப்பட்டது. வேறு சில இடங்களில் முன்பே பதிவான இசைக்குப் படம் அமைக்கப்பட்டது. ஒருவர் மற்றவருக்கு வழிவிட்டார்கள். இருவரையும் ஒரு எண்ணுக்குக் கட்டிப்போட்டு நடத்தவில்லை. அப்படியும் அந்தப் பொருத்தத்தை விளக்க ஐசன்ஸ்டைன் வரைந்த வரைபடத்தை ஐஸ்லரும் அடோர்னோவும் விடவில்லை. 1947இல் வெளியான தங்கள் நூலில், அந்த ஒற்றுமை கேட்கும் இசையில் இல்லை, தாளில் எழுதிய இசைக்குறிப்பின் தோற்றத்தில்தான் இருக்கிறது என்று மறுத்தார்கள். மென்பொருளின் திரையில் ஒலியலையின் முகடும் வெட்டும் நேர்கோட்டில் நிற்பதைக் கண்டு மகிழ்பவர்களுக்கும் இந்த மறுப்பு பொருந்தும். அது கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு; காதுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் ஒரு வெட்டு எதற்காக விழவேண்டும் என்று பட்டியலிட்டபோது உணர்ச்சிக்கு 51 விழுக்காடு கொடுத்தார், கதைக்கு 23. லயத்துக்கு அவர் ஒதுக்கியது 10 மட்டுமே. அந்தப் பத்தை நூறாக்கிவிட்டு ஐம்பத்தொன்றைக் குப்பையில் போடுகிறோம் நாம்.

சரி, வேறு என்னதான் வழி? வழி நம் கச்சேரி மேடையிலேயே இருக்கிறது. மிருதங்க வித்வான் நாலுக்கு மூன்று என்று நடையை மாற்றி வாசிக்கும்போது பாடகரின் காலப்பிரமாணத்தைத் தொடுவதில்லை. தன் கணக்கைத் தன் போக்கில் நடத்தி, கோர்வையாக வந்து உரிய இடத்தில் சேருகிறார். இடையில் எத்தனை விலகினாலும் சேரும் இடம் ஒன்று இருப்பதால் நாம் தலையாட்டுகிறோம். படத்தொகுப்பிலும் அதேதான். வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில் 72 அடி வேகமுள்ள பாட்டுக்கு ஓர் அடி 20 சட்டகம். 96 அடிக்கு 15 சட்டகம். மூன்றடியும் நான்கடியும் 60ஆவது சட்டகத்தில், அதாவது இரண்டரை வினாடிக்கு ஒருமுறை, சந்திக்கின்றன. எதையும் இழுக்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்க அந்தச் சந்திப்பு போதும். சந்திக்காத எண்கள் என்றால் ஒன்றை முடியவிட்டு, தெருச்சத்தத்தையோ மௌனத்தையோ கொஞ்சம் வைத்து, அடுத்ததைத் தொடங்கலாம். தாளமே இல்லாத தாலாட்டுக்கு எண்ணே வேண்டாம்; பாடுபவர் மூச்செடுக்கும் இடத்தில் படத்தை மாற்றினால் ஆயிற்று. இதற்கெல்லாம் புதிய கருவி தேவையில்லை. உட்கார்ந்து கேட்கப் பொறுமை வேண்டும்.

ஒரு கவிதையின் வரியை மடக்கி அச்சிட்டாலே ஆசிரியருக்குக் கடிதம் எழுதுபவர்கள் நாம். எழுத்தாளரின் காற்புள்ளியை எடுத்துவிட்டால் பதிப்பாளரைச் சும்மா விடுவதில்லை. அதே நாம் ஒரு முதியவளின் பாட்டில் நான்கில் ஒரு பங்கு நேரத்தைத் திருடிவிட்டுக் கைதட்டியிருக்கிறோம். சொல்லுக்குக் கொடுக்கும் மரியாதையை ஒலிக்குக் கொடுக்க மறுப்பது எந்த இலக்கிய ரசனை?

காணொளியை மறுபடி தொகுத்தோம். பன்னிரண்டு நிமிடம் பதினான்கு ஆயிற்று. தாலாட்டு முழுவதற்கும் ஒரே ஒரு புகைப்படம்: திண்ணையில் அக்காவின் மடியில் கைக்குழந்தையாக எழுத்தாளர். மல்லாரியை அது ஏறும்படியே ஏறவிட்டோம். கிதாருக்கு முன் எட்டு வினாடி மௌனம். அவர் வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுக்காட்டினோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார்.